பல்லாவரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ரோம் நகரத்துக்குப் போகிறவர்கள் எதைப் பார்ப்பது என்று யோசிப்பதே இல்லை. கொலோசியம், ஃபோரம், பாந்தியன், வாடிகன் என்று பட்டியல் தயாராக இருக்கிறது. அந்த இடங்கள் காலங்காலமாகப் புகழோடு இருந்தவை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. இன்று கூட்டம் அலைமோதும் ரோமானிய ஃபோரம் பல நூற்றாண்டுகள் மாடு மேய்ந்த வெளியாகக் கிடந்தது. ஊரார் அதற்கு வைத்திருந்த பெயரே மாட்டுவெளிதான். கொலோசியத்தின் கற்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் மாளிகைகள் கட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் போப் 14-ஆம் பெனடிக்ட் அதைப் புனித இடமாக அறிவித்தார். அதன் பிறகுதான் கல் எடுப்பது நின்றது. பிரான்சின் கார்க்கசோன் கோட்டை மதிலை இடித்துவிடும்படி 1849-இல் அந்நாட்டு அரசே உத்தரவு போட்டது. உள்ளூர்க்காரர்களும் எழுத்தாளர்களும் கிளம்பிச் சண்டை போட்டதால் மதில் தப்பியது. 1997-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. ஒரு நகரம் பார்க்க வேண்டிய நகரமாக ஆவதற்குப் பழமை மட்டும் போதவில்லை. 12-ஆம் நூற்றாண்டிலேயே ரோமின் அதிசயங்களைத் தொகுத்து யாத்ரீகர்களுக்கென்று ஒரு கையேடு எழுதப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெடெக்கர் பதிப்பகம் சிவப்பு அட்டை போட்ட வழிகாட்டி நூல்களில் இடங்களுக்கு நட்சத்திரக் குறியிட்டது. யாரோ எழுதினார்கள், யாரோ வழி காட்டினார்கள், பிறகுதான் மக்கள் வந்தார்கள்.

சென்னையின் தெற்குப் புறநகரை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பரங்கிமலையிலிருந்து வண்டலூர் வரை, மின்சார ரயில் தடத்தின் இருபுறமும், கற்காலம் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டு வரையிலான தடயங்கள் ஏறக்குறைய அறுபடாமல் கிடக்கின்றன. ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பலவற்றில்கூட இத்தனை நீண்ட தொடர்ச்சியை ஒரே ரயில் பாதையில் காட்டிவிட முடியாது. ஆனால் தாம்பரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது தீபாவளி நெரிசலும், ஊருக்குப் போகும் பஸ்ஸும், நகரத்துக்குள் கட்டுப்படியாகாத வீட்டு வாடகையும்தான். சரக்கு இல்லாமல் இந்த நிலை வரவில்லை. பட்டியலும் பாதையும் பெயர்ப்பலகையும் இல்லாததால் வந்தது.

முதலில் பல்லாவரம். 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் கன்டோன்மென்ட்டின் அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முறையாக அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. அந்தத் தேதியின் கனத்தை உணர வேண்டுமானால், அதே சமயத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவைதான், அழிந்துபோன விலங்குகளின் காலத்தவைதான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டது 1859-இல். நான்கே ஆண்டுகளில், அந்தப் புதிய அறிவின் கண்ணோடு பல்லாவரத்துச் சரளையை ஒருவர் குனிந்து பார்த்திருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சகாவான வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு என்ற துறையே பல்லாவரத்தில் பிறந்தது என்றால் அதில் மிகை இல்லை. பிற்பாடு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே இதே பல்லாவரத்துக் குன்றுப் பகுதியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். கற்கருவி செய்தவர்களுக்குப் பல்லாயிரம் தலைமுறை பின்னால் வந்த இரும்புக் கால மக்களும் தங்கள் இறந்தோரை இதே மண்ணில்தான் வைத்திருக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் இந்த இடத்துக்கு மிக அருகில்தான் தரையைத் தொடுகிறார்கள். பிறகு கார் ஏறி மாமல்லபுரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

மாமல்லபுரம் பிறக்கக் காரணமான கலையின் தொடக்கத்தையும் பல்லாவரத்திலேயே பார்க்கலாம். 7-ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் கோயில் எழுப்பியதாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டவன். அவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று பல்லாவரத்துக் குன்றில் இருக்கிறது. முன்னால் தூண் வரிசை, பின்னால் ஐந்து கருவறைகள், அரசனின் விருதுப் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டுகள். இன்று அது ஒரு தர்கா. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் இதை வைத்துச் சண்டை மூட்டப் பார்க்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ரோமின் பாந்தியனைக் காட்டலாம். ரோமானியத் தெய்வங்களுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடம் 609-இல், ஏறக்குறைய மகேந்திரவர்மன் காலத்திலேயே, கிறிஸ்தவ தேவாலயமாக மாறியது. சுற்றியிருந்த பேரரசின் கட்டடங்கள் கல்குவாரியாகிப்போனபோது பாந்தியன் முழுசாக நின்றதற்கு முக்கியக் காரணம், அதற்குள் தினமும் யாரோ வழிபட்டுக்கொண்டிருந்ததுதான். இன்றும் அங்கே பூசை நடக்கிறது, பயணிகளும் வருகிறார்கள். பல்லாவரம் குன்றின் பெரும் பகுதியைச் சுற்றியுள்ள கல்குவாரிகள் எப்படித் தின்று தீர்த்தன என்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் குகை பிழைத்து நிற்பதில் வழிபடுவோரின் பங்கு என்ன என்பதும் புரியும். அவர்களோடு பேசி, அவர்கள் தொழுகைக்கும் சடங்குக்கும் இடையூறில்லாத நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கச் செய்வது நடக்கக்கூடிய காரியம்.

அந்தக் குவாரிக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் ஆங்கிலேய வணிக அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பரங்கிமலை - பல்லாவரம் வட்டாரத்துப் பாறையோடு ஒத்துப்போவதைப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் கவனித்தார். 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். நார்வேயிலும் அண்டார்டிகாவிலும் இந்தப் பாறையைக் காணும் ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். பரங்கிமலையில் இருக்கும் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தும் இருக்கிறார்கள். நாம் இந்த வகைப் பாறையை உடைத்து ஜல்லியாக்கி வீட்டுத் தளத்துக்குப் போட்டோம்.

பரங்கிமலையைப் பற்றி ஓரளவு எல்லோரும் அறிவார்கள். போர்ச்சுகீசியர் 1523-இல் கட்டிய மாதா கோயில், 1547-இல் கிடைத்த இடைக்காலப் பாரசீகமான பகலவி மொழி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை, புனித தோமையார் உயிர்நீத்த இடம் என்ற நம்பிக்கை, ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்துத் தந்த படிக்கட்டு. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் இந்த மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, சூட்டுக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்தினார்கள். ஏழரை மைல் தூரத்துக்கு அந்தச் சங்கிலியைச் சுமார் 400 தடவை கிடத்த வேண்டியிருந்தது. 57 நாட்கள் ஆயின. இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களால் வலைபின்னி அளந்த மாபெரும் நில அளவைக்கு அந்தக் கோடுதான் முதல் அடிக்கோடு. அந்த அளவை வடக்கே இமயம் வரை நீண்டுதான் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டது. இன்று அந்தக் கோட்டின் பாதை நெடுக வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. பரங்கிமலையில் லாம்ப்டனுக்கு ஒரு மார்பளவு சிலை இருக்கிறது. பெரும்பாக்கத்து முனையில் வசிப்பவர்களில் எத்தனை பேருக்கு எவரெஸ்ட்டோடு தங்களுக்குள்ள உறவு தெரியும்?

இதெல்லாம் வெள்ளைக்காரன் வந்து சொன்ன பிறகு நமக்குத் தெரிந்த பெருமைகள்தானே, ஊர் பார்க்கும் பட்டியல் என்பதே மேற்கத்திய வழக்கம்தானே என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஒரு கேள்வியில் நாம் தலைகுனிய வேண்டியதே இல்லை. பெடெக்கருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பட்டியல் போட்டு மக்களை ஊர் ஊராக நடக்க வைத்தவர்கள் தமிழர்கள். ஆழ்வார்கள் பாடியதால் 108 திவ்விய தேசங்கள். மூவர் பாடியதால் பாடல் பெற்ற தலங்கள். தனிப் பதிகம் கிடைக்காமல் வேறோர் ஊர்ப் பதிகத்தில் பெயர் மட்டும் வந்த ஊர்களைக்கூட வைப்புத் தலம் என்று தனிக் கணக்கில் சேர்த்தார்கள். பாட்டில் இடம்பெற்ற ஊர் சிறிய ஊராக இருந்தாலும் மறக்கப்படவில்லை. அந்தப் பட்டியலின் வலிமைக்குத் திருநீர்மலையே சாட்சி. குரோம்பேட்டைக்கு மேற்கே, பம்மல், அனகாபுத்தூர் நெரிசலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தச் சின்னக் குன்றில், பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலத்தில் காட்சி தருகிறார். அடிவாரத்தில் நீர்வண்ணர், மேலே நரசிம்மர், அரங்கநாதர், உலகளந்த பெருமாள். திருமங்கையாழ்வார் வந்தபோது குன்றைச் சுற்றி வெள்ளம் நின்றதாகவும், அது வடிய ஆறு மாதம் காத்திருந்து சேவித்ததாகவும் தலவரலாறு. திசை எங்கும் அடுக்குமாடி வந்த பிறகும் திருநீர்மலைக்கு வெளியூர்க்காரர் தேடி வருகிறார் என்றால், 8-ஆம் நூற்றாண்டில் போட்ட பட்டியல் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். பக்கத்துக் குன்றத்தூர் இன்னும் ஒரு படி மேலே. அறுபத்துமூவர் வரலாற்றைப் பாடி, அவர்கள் பிறந்த ஊர்களையெல்லாம் தமிழ் மனத்தில் நிலைநிறுத்திய சேக்கிழார் பிறந்த ஊர் அது.

சோழர் பங்குக்கு மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் ஒன்று போதும். யானை படுத்திருப்பது போன்ற பின்புறம் கொண்ட தூங்கானை மாட விமானம் எளிதில் காணக் கிடைப்பதல்ல. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிச் சாலையில் போய்ப் பிரிந்தால் அரை மணி நேரத்துக்குள் அதைப் பார்த்துவிடலாம். மண்டபத் தூணில் செதுக்கிய சரபேசுவரருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் கூட்டத்தில் பலர் விமானத்தைச் சுற்றி வந்தும் அதன் வடிவத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்கச் சொல்லி அங்கே யாரும் இல்லை. தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம்; முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை எதிர்த்து வென்ற போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதைக் குறிக்கிறது. திரிசூலத்தில் ரயில் நிலையத்தை ஒட்டி, குன்றுகளுக்கு நடுவே சோழர் காலச் சிவன் கோயில்.

அண்மைக் காலமும் இங்கே குறைவில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். புறநகர் வாழ்க்கை என்ற ஒன்றை, காலையில் போய் மாலையில் திரும்பும் அந்த அன்றாடத்தை, தென்னிந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் தடம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், நல்ல காற்றையும் ஓய்வையும் நம்பி டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்துக்கே நிலைத்துவிட்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1938 டிசம்பரில் அங்கே நடந்த உலகக் கிறிஸ்தவ மாநாட்டால், ஐரோப்பிய இறையியல் மாணவர்களுக்குத் தாம்பரம் இன்றும் தெரிந்த பெயர். அந்தக் கல்லூரி காத்துவைத்திருக்கும் சுமார் 365 ஏக்கர் வளாகத்துப் புதர்க்காடுதான், இந்த வட்டாரம் வீடுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி.

இப்போது எதிர்வாதங்கள். முதலாவது, வலுவானது: பல்லாவரத்துச் சரளைக் குழியில் இன்று பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஃபூட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் லண்டனின் கிரீனிச்சில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டு வருவது தரையில் பதித்த ஓர் உலோகக் கோட்டைத்தான். கிழக்கில் ஒரு கால், மேற்கில் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் செய்தி அவர்களை அங்கே இழுக்கிறது. லாம்ப்டனின் கோட்டுக்கு அதைவிடக் குறைந்த செய்தி இல்லை. பரங்கிமலை முனையிலும் பெரும்பாக்கம் முனையிலும் அப்படி ஒரு கோட்டைப் பதிக்கலாம், நடுவே 100 அடிச் சங்கிலியின் நீளத்தைத் தரையில் குறித்துக் காட்டலாம். பல்லாவரத்தில் கற்கருவியின் மாதிரி ஒன்றைக் குழந்தைகள் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைக்கலாம். பார்க்க ஒன்றுமில்லை என்ற குறை அங்கே தீர்ந்துவிடும்.

இரண்டாவது வாதத்தை ஜமீன் பல்லாவரத்துக்காரர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதை அலட்சியம் செய்வது அநியாயம். 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பெரிதாகத் தெரியும் நினைவுச்சின்னம் எதுவும் இல்லாத, பாதுகாக்கப்பட்ட ஒரு மேட்டுக்காக, கால் கிரவுண்டு, அரை கிரவுண்டு வைத்திருக்கும் குடும்பங்கள் மகனுக்கு மாடி எழுப்ப முடியாமல் நிற்கின்றன. வரலாறு அவர்களுக்கு வந்து சேர்வது நோட்டீஸ் வடிவில்தான். இந்தக் கோபத்துக்கு மருந்து, பாதுகாப்பைக் கைவிடுவது ஆகாது. எந்த இடத்தில் மண்ணுக்குள் உண்மையிலேயே தடயம் இருக்கிறது என்று ஆய்வு செய்து, எல்லையைத் துல்லியமாக வரைந்து, தேவையில்லாத இடங்களை விடுவிக்க வேண்டும். காக்க வேண்டிய இடத்தைத் திறந்த பூங்காவாக்கி அந்தத் தெருக்காரர்களுக்கே பயன்பட விட வேண்டும். கட்டுப்பாட்டின் சுமையை மட்டும் ஏழைகள் சுமந்து, பெருமை காகிதத்தில் கிடக்கிறவரை யாரும் அந்த மேட்டை நேசிக்கப்போவதில்லை. கிளாம்பாக்கத்தில் இதைச் சரியாகச் செய்து காட்ட ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பேருந்து முனையத்தை ஒட்டியே பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உள்ளன. தென் மாவட்டங்களுக்குப் பஸ் ஏற வருகிறவர்கள் நாள்தோறும் அங்கே காத்துக் கிடக்கிறார்கள். அந்த அளவுக்குப் பார்வையாளர்கள் தானாக வந்து சேரும் தொல்லியல் இடம் தமிழ்நாட்டில் வேறெங்கே கிடைக்கும்?

மூன்றாவது வாதம் வெனிஸிலிருந்து வருகிறது. சுற்றுலா வந்தால் ஊர் கெட்டுவிடும் என்பார்கள். வெனிஸின் பழைய நகரத்தில் குடியிருப்போர் தொகை 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. 2024-இல், நெரிசல் மிகுந்த நாட்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தாம்பரத்துக்குப் பொருந்தாது. வெனிஸின் நோய் எல்லோரும் ஒரே இடத்தில் குவிவதால் வந்தது. இங்கே இடங்கள் சிதறிக் கிடப்பதே ஒரு பாதுகாப்பு. கோடிக்கணக்கானோர் படையெடுக்கப்போவதும் இல்லை. முதலில் வர வேண்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். சிட்லபாக்கத்திலும் சேலையூரிலும் படிக்கும் பிள்ளைகள் ஹரப்பாவைப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். மூன்று ஸ்டேஷன் தள்ளி இருக்கும் பல்லாவரம் எந்த வகுப்பில் வருகிறது? பிழைப்புக்காகத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து இங்கே வீடு வாங்கியவர்களுக்குச் சொந்த ஊர் இன்னும் வேறெங்கோதான் இருக்கிறது. இருபது முப்பது வருடம் வாழ்ந்த இடத்தைச் சொந்த ஊராக உணர அவர்களுக்கும் ஒரு வழி வேண்டும்.

செய்வதற்கு ஆட்சித் தடையும் முன்போல் இல்லை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் மாடம்பாக்கமும் திருநீர்மலையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டன. இத்தனை காலம் ஒவ்வொரு சின்னமும் ஒவ்வோர் உள்ளாட்சியின் ஓரத்தில் கிடந்தது. இனி ஒரே மன்றத்தில் தீர்மானம் போட்டுப் பாதையை வகுக்கலாம். பெரும் பணம் வேண்டியதில்லை. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், தாம்பரம் ரயில் நிலையங்களின் வாசலில் அந்தந்த ஊரின் வரலாற்றைத் தமிழில் சொல்லும் வரைபடம். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் எந்தப் பஸ், எவ்வளவு தூரம் என்ற விவரம். மாடம்பாக்கத்திலும் திருநீர்மலையிலும் நடை திறக்கும் நேரம். குகைத் தர்காவுக்கு எப்போது போகலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற குறிப்பு. கிறிஸ்தவக் கல்லூரியின் காட்டைப் பார்க்க முன்னனுமதி பெறும் வழி. மாநகராட்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு நாள் இந்தத் தடத்தில் பிள்ளைகளை அழைத்துப்போனால் மீதியை அந்தப் பிள்ளைகளே வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பல்லாவரத்திலிருந்து தொடங்கலாம். வரும் மே 30-க்கு ஒரு பெயர்ப்பலகையாவது அங்கே நிற்கட்டும்.